சிடியில் பழுது இல்லை

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
9-8-2007

அன்புள்ள எழிலரசிக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட்டில் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் போன் ஹாலில் உங்க அப்பா நாற்காலிப் பக்கத்திலேயே இருக்கிறது, ஒரு வார்த்தை விடாமல் கேட்பார். அதனால்தான் கடிதம். பதறாமல் முழுசாகப் படி.

நீ அனுப்பிய ரெண்டாவது சிடி வந்து சேர்ந்தது. முதல் சிடி பழுது, படத்தில் பாதி சாமானே வைக்கலை, வேற அனுப்பு என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, அந்த சிடியில் ஒரு பழுதும் இல்லை கண்ணு. ஒளிந்திருக்கிற சாமானைக் கண்டுபிடிக்கிற அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு வந்த புதிதில் நான் உன்னை எத்தனை தடவை வாழ்த்தியிருப்பேன். ரிடையர் ஆனதிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராஜாவின் மீசைதான் சீப்பு, சமையல்காரன் தொப்பிக்குள் கோழி, தப்பாக அமுக்கினால் ஒரு கழுதை வந்து நாக்கை நீட்டும். நானும் வேடிக்கை பார்க்க நின்று ரெண்டு நாள் குழம்பைத் தீய விட்டேன். சாமான் எதிரிலேயே இருக்கும், நமக்குத் தெரியாது, தெரிந்ததும் நம்மை நினைத்து நமக்கே சிரிப்பு வரும், அதுதான் அதில் ருசி.

போன மாசம் ஒரு நாள் அரை மணி நேரமாகக் கத்திரிக்கோல் கத்திரிக்கோல் என்று தேடினார். அது படத்தில் இடது ஓரத்தில் ஒரு ஆட்டின் கழுத்தில் மணி மாதிரித் தொங்குகிறது. சொன்னேன். எங்க காட்டு என்றார். விரலை வைத்துக் காட்டினதும் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்பத்தான் கொண்டாந்து வச்சிருக்கான், மோசக்காரன்னு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை எழிலு. அன்றிலிருந்து கவனிக்கிறேன், வலது பக்கம் இருப்பதையெல்லாம் மடமடவென்று எடுக்கிறார், இடது பக்கத்தில் ஒன்றையும் தொடுவதில்லை. தட்டிலும் அப்படித்தான், இடது பக்கம் வைத்த பொரியல் அப்படியே கிடக்கிறது, இன்னிக்குப் பொரியல் பண்ணலையான்னு கேட்கிறார். பேப்பரில் பிழை ஜாஸ்தி ஆயிடுச்சாம், திட்டிக்கொண்டே படிக்கிறார். பத்து நாளுக்கு முன்னால் நிலத்தைப் பார்க்க வண்டியில் கீழ்பென்னாத்தூர் போனவர் தள்ளுவண்டியில் காய் விற்கிற காசியம்மாள் மேலேயே மோதப் பார்த்திருக்கிறார். அவள் ஒதுங்கினதால் தப்பித்தாள். கண்ணை எங்க வச்சிருக்கன்னு அவள் கேட்டதை எதிர்வீட்டு பலராமன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும், இவர் வாயே திறக்கவில்லை.

என் மேலும் தப்பு இருக்கிறது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பங்குனியிலேயே நிலைக்கதவில் இடது தோளை ரெண்டு மூன்று தடவை இடித்துக்கொண்டார். வாராவாரம் விடியற்காலையில் கிரிவலம் போய்வருகிற மனுஷன், பதினாலு கிலோமீட்டர் தடுமாறாமல் நடக்கிறார், இவருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நானே இருந்துவிட்டேன். மலையை எப்போதும் வலது கைப் பக்கம் வைத்துத்தானே சுற்றுகிறோம். நானும் அவருக்கு வலது பக்கம்தான் நடப்பேன். அவர் பார்க்க வேண்டியதெல்லாம் அவர் பார்க்கிற பக்கத்திலேயே இருந்தது. இது இப்போதுதான் என் புத்தியில் உறைக்கிறது.

இங்கே டாக்டரிடம் நான் மட்டும் போய்ச் சொன்னேன். கண்ணில் இருக்காதும்மா, தலையில் சின்னதாக ரத்த அடைப்பு வந்து போயிருக்கலாம், அடுத்தது பெரிசா வரதுக்குள்ள வேலூருக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுங்க, வண்டியைத் தொட விடாதீங்கன்னு சொல்லிவிட்டார். இவரிடம் சொன்னால், எனக்கு என்ன கேடு, நல்லாத்தான் இருக்கேன், கம்ப்யூட்டர்காரன் ஏமாத்தறதுக்கு நான் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு சண்டைக்கு வருகிறார். வண்டிச் சாவியை ஒளித்து வைக்கலாம் என்று நினைத்தேன். அதற்கும் வேலை இல்லை. டிவி மேலே வலது பக்கம் இருந்ததை இடது ஓரத்துக்கு நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதான். நாலு நாளாக வீடு முழுக்கத் தேடுகிறார். நீயும் அந்த விளையாட்டை ஆட ஆரம்பிச்சிட்டியான்னு என்னைக் கேட்டுச் சிரிக்கிறார். நான் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நீ சொன்னால்தான் கேட்பார். கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. புது சிடியைப் போடச் சொல்லு, முகத்தை நன்றாக இடது பக்கம் திருப்பி ஓரத்தைப் பார்க்கச் சொல்லு. வரிசையாக எல்லாம் அங்கேயே இருப்பதை அவரே பார்க்கட்டும், பயந்தால் பயப்படட்டும், அப்போதே வேலூர் பேச்சை எடு. கோபப்படாதே, அழுதுவிடாதே. அதற்கு அடுத்த வியாழக்கிழமை போக பலராமனிடம் காருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது, அந்த உண்ணாமுலை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

ஒன்று மறந்துவிட்டேன். எழிலு கல்யாண போட்டோவை ஏன் கழட்டிட்டன்னு நேற்று கேட்டார். அது நாற்காலிக்கு இடது பக்கச் சுவரில் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. வலது பக்கம் மாற்றி மாட்டிவிட்டேன், பார்த்துக்கொண்டே இருக்கிறார். லீவு கிடைத்து நீ வரும்போது, வாசலில் நுழைந்ததும் அவருக்கு வலது பக்கமாக வந்து நில்லு கண்ணு.

உன் அம்மா,
இ. ராணியம்மாள்