‘அட்ஜஸ்ட்’ என்றொரு வினைச்சொல்

ஆடி 26, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். கடல் காற்று எங்கே போய்த் தொலைந்ததோ. இதிலும் தேனு முழுக்கை நைட்டி. தலை துவட்டும்போது கை விலகியது. முழங்கைக்கு மேல் சூட்டுத் தழும்பு, இஸ்திரிப் பெட்டி முனை அப்படியே. முதலில் தவறிப் பட்டது என்றாள். பிறகு, சட்டையைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று அவர் வைத்தது என்றாள். கல்யாணமாகி மூன்றே மாதம். ஆடிக்கு மகளை அழைத்து வந்ததால் எனக்குத் தெரிந்தது.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடிக்கக்கூட இல்லை. “புதுசுல அப்படித்தான் இருக்கும். அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போவச் சொல்லு.”

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ஆடி 27, செவ்வாய்

கேஸ் புக் பண்ண வேண்டும்.

பிளஸ் ஒன் இங்கிலீஷ் வகுப்பில் இன்றைய சொல்லாக ‘அட்ஜஸ்ட்’டையே எடுத்தேன். ஸ்டாஃப் ரூம் அகராதி: பொருந்தும்படி சரிசெய்தல். வேர் லத்தீன், ‘அருகில்’ என்று பொருள். பிரெஞ்சு வழியாக வந்ததாம். நல்ல சொல்தான். மூக்குக் கண்ணாடி, பெல்ட், கடிகாரத்துக்கெல்லாம் வெள்ளைக்காரர்கள் சொல்வது. நம் ஊருக்கு வந்ததும் பெண்டாட்டிகளுக்கு என்று ஆகிவிட்டது.

வாக்கியம் எழுதச் சொன்னேன். பாதி நோட்டில் அம்மாதான் அட்ஜஸ்ட் செய்கிறாள். அப்பா ஒரு நோட்டிலும் இல்லை. எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். பிழை இல்லையே.

ஆடி 29, வியாழன்

சிதம்பரத்திலிருந்து சம்பந்தி அம்மா போன். ஞாயிறு ஆவணி பிறக்கிறது, வந்து அழைத்துப் போகிறார்களாம். தழும்பைப் பற்றிக் கேட்டேன். அவன் கொஞ்சம் கோபக்காரன், மற்றபடி தங்கம் என்றார். கொஞ்சமாம்.

தேனு சாப்பிடவில்லை. அனுப்ப மாட்டேன் என்று இவரிடம் சொல்லிவிட்டேன். ஒரே சத்தம். அக்கம்பக்கம், மானம், சொந்தக்காரர்கள். நானும் விடவில்லை.

ஆவணி 1, ஞாயிறு

வந்தார்கள். மாப்பிள்ளை கையில் ஆப்பிள், நல்லா இருக்கீங்களா அத்தை என்று சிரிப்பு வேறு. அவள் வரமாட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தேனு பையோடு வந்து நிற்கிறாள்.

அடுப்படிக்கு இழுத்துப் போய், ஏன்டி என்றேன்.

“உன்னையே இத்தன வருஷமா இந்த வீட்டுலேர்ந்து யாரும் கூட்டிட்டுப் போவல. என்ன எங்க வச்சுப்பம்மா? அப்பா வீட்டுலதான?”

கார் போய்விட்டது.

இவர் டீ கேட்டார். போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை ஜாஸ்தி என்று திருப்பி நீட்டினார். வேறு போட்டேன்.