ஜம்புவின் முழங்கை

கரோல் பாக், புது தில்லி
12-11-1983

வைதேஹிக்கு,

பத்தொன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்து பார்த்தாகிவிட்டது, இனி முடியாது. முதலில் க்ஷேம சமாசாரம். இங்கே அம்மாவுக்குக் குளிர் ஆரம்பித்ததும் குதிகாலில் வெடிப்பு, எனக்கு ஆபீஸில் எங்கள் அண்டர் செகரட்டரியால் வழக்கமான ரத்தக்கொதிப்பு, மற்றபடி இருவரும் சௌக்கியம். உன் சௌக்கியம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நீ தமிழும் ஹிந்தியுமாக எழுதிய கடிதத்தை அவள் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். இருபத்தேழு வருஷமாகக் காணாமல் போன ஃபைல்களைத் தேடி எடுக்கிறவனுக்கு ஒரு அரிசி டின் என்ன பிரமாதம். அதில், ஓட்டத்தை விட்டுவிடலாம் போலிருக்கிறது, அடுத்த வருஷமும் பயிற்சி முகாமில் இருப்பேனா மாட்டேனா என்று முப்பதாம் தேதிக்குள் கோச்சிடம் சொல்ல வேண்டும், அப்பாவிடம் மட்டும் சொல்லாதே, அவர் பதில் எழுதுவார் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடைசி வரியை நான்கு தடவை படித்தேன். ஊரில் மற்ற பெண்கள் அப்பா திட்டுவார், அடிப்பார் என்று பயப்படுகிறார்கள். என் பெண் நான் பதில் எழுதிவிடுவேன் என்று பயப்படுகிறாள்.

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஏழு பாயிண்ட். நன்றாக ஓடுகிற பிள்ளைகள் இருபது வயதில் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பதற்குச் சோம்பல், சினிமா, ஹாஸ்டல் சகவாசம் என்று காரணங்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். நீ சொன்ன காரணங்களும் எதிரே கிடந்தன. முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி, காலையில் எடை பார்த்துவிட்டுத்தான் எத்தனை சப்பாத்தி என்று கோச் நல்லசிவம் முடிவு செய்கிறார், ஓட்டத்துக்கு முதல் நாளே வயிற்றைக் கலக்குகிறது, முன்பெல்லாம் ஓடினால் சந்தோஷமாக இருந்தது, இப்போது ஓட்டம் முடிந்தால்தான் சந்தோஷமாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று குறித்தேன். நாலாவது பாயிண்டில் வழக்கம்போல் ஜம்பு வந்தான். அந்தக் கதை உனக்கு மனப்பாடம். 1954, திருச்சி, கல்லூரிகளுக்கிடையே ஒரு மைல் ஓட்டம், கடைசிச் சுற்று வரை நான்தான் முதல், வளைவில் கூடப் படிக்கிற ஜம்பு முழங்கையால் விலாவில் இடித்தான், விழுந்தேன், அதோடு என் ஓட்டம் போயிற்று, இல்லாவிட்டால் நான் இருந்திருக்க வேண்டிய இடமே வேறு. அஜ்மல் கான் பார்க்கில் நீ சுற்றிச் சுற்றி ஓட, நான் விசிலும் ஸ்டாப் வாட்சுமாக சைக்கிளில் பின்னால் வந்துகொண்டே எத்தனை தடவை இதைச் சொல்லியிருப்பேன்.

தபாலில் போட்டால் டின்னைத் திறந்தது தெரிந்துவிடுமே என்று அதை மேஜையிலேயே வைத்திருந்தபோது, போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஜம்புவே வாசலில் வந்து நின்றான். ஏதோ மீட்டிங்குக்காக மெட்ராஸிலிருந்து வந்து சாணக்யபுரி கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருக்கிறானாம், யாரிடமோ விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டான். தலையில் ஒரு மயிர் இல்லை, தொப்பை அவனுக்கு முன்னால் உள்ளே வந்தது, மாடிப்படி ஏறினதற்கே கால் மணி நேரம் மூச்சு வாங்கினான். எனக்குப் பரம திருப்தி. உன் அம்மா அவனைச் சாப்பிட உட்காரவைத்து, எனக்கென்று வறுத்த சேப்பங்கிழங்கில் முக்கால் பாகத்தை அவன் தட்டில் போட்டாள். மோர் சாதம் வரை பொறுத்தேன். பிறகு கேட்டுவிட்டேன், ஏன் இடித்தாய் என்று. அவன் கையில் எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு, “முழங்கையா? நான் உனக்கு இருபது கஜம் பின்னாடின்னாடா வந்துண்டிருந்தேன்! நீயே டிராக்கை விட்டு இறங்கி, புல்லுல உட்கார்ந்து, ஷூவை அவுத்தே. உனக்கு என்னமோ ஆயிடுத்துன்னு நான் நின்னு கேட்டேன். ‘அப்பாடா’ன்னே. அவ்வளவுதான். உன்னைக் கேட்க நின்னதுல எனக்கு நாலாவது இடம். இருபத்தொன்பது வருஷமா உன் மேலே கோபம்டா எனக்கு” என்றான். அம்மா சமையலறைக்குள் ஓடினாள். அவள் சிரித்த சிரிப்பில் கீழே குடியிருக்கும் பஞ்சாபி அம்மாள் க்யா ஹுவா பெஹன்ஜி, என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே மேலே வந்துவிட்டாள். அவளுக்கு ஹிந்தியில் விளக்கம் வேறு நடந்தது, என்னைக் கையால் காட்டிக் காட்டி.

அவன் பொய் சொல்கிறான் என்று இரண்டு நாள் ஆபீஸில் உட்கார்ந்து யோசித்தேன். மூன்றாம் நாள் அந்தப் புல் ஞாபகம் வந்தது. ஈரமாக இருந்தது. அதற்கு முந்தைய ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் நான் பாத்ரூமில் வாந்தி எடுத்ததும் ஞாபகம் வந்தது. கல்லூரிக் கோச் கேட்டால், உன் தாத்தா கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, பக்கத்தில் ஜம்பு நின்றான், அவனுக்கு முழங்கையும் இருந்தது. சொல்லிச் சொல்லி எனக்கு விலாவே வலிக்க ஆரம்பித்துவிட்டது. அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் உன்னை வளைவில் முழங்கையைப் பார், முழங்கையைப் பார் என்று பயமுறுத்தி வளர்த்தேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் அரிசி டின் விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அவளுக்கு முன்பே தெரியுமாம், கடிதம் திரும்ப வைக்கப்பட்ட விதத்தில் மூலைகள் ஒழுங்காக மடிந்திருந்தனவாம். அப்போதுதான் உன் கடிதத்தின் பின்பக்கத்தைக் காட்டினாள், அதை நான் திருப்பிப் பார்க்கவில்லை. நான் உனக்கு எழுதுகிற ஒவ்வொன்றுக்கும் ‘நகல்: பயிற்சியாளர்’ என்று போட்டு நல்லசிவத்துக்கும் ஒன்று அனுப்புகிறேனே, அதை அவர் காலையில் மைதானத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டுகிறார் என்றும், பெண்கள் உன்னை ‘முழங்கை’ என்றே கூப்பிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். ஆபீஸில் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நகல் போகாவிட்டால் காரியம் நடக்காது, அந்தப் பழக்கம். அம்மா சொன்னாள், “நீங்க எங்கே அவளுக்கு லெட்டர் எழுதறேள், மெமோன்னா போடறேள். ரிமைண்டர் ஒண்ணு, ரிமைண்டர் ரெண்டுன்னு. சாப்பிட்டியான்னு ஒரு வரி உண்டா அதுல?” தேடிப் பார்த்தேன், மார்ச் மாதத்தில் ஒன்று இருக்கிறது. அதுவும் புரதம் பற்றியது.

ஆகவே ஏழு பாயிண்டையும் கிழித்தாகிவிட்டது. நீ எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிப்பாய் என்பதால் இதைப் பெரிதாகவும் நிதானமாகவும் எழுதுகிறேன். நின்றுவிட்டால் எனக்கு வருத்தம் இருக்கும், இல்லை என்று சொன்னால் அது இன்னொரு முழங்கை. ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், அதைப் பொருட்படுத்தாதே, அது எனக்கு உத்தியோகம் மாதிரி. தொடர்ந்து ஓடினால் சந்தோஷம், ஆனால் ஸ்டாப் வாட்சை ஆபீஸ் ஸ்போர்ட்ஸ் கிளப்பில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எது செய்தாலும், எனக்காக ஒரு காரணம் மட்டும் ஜோடிக்காதே, அலுத்துவிட்டது என்றால் அலுத்துவிட்டது என்றே சொல். எனக்கு அதைச் சொல்ல வாய் வராமல் ஒரு நல்ல சிநேகிதன் போய்விட்டான். இப்போது வெறுப்பதற்கு அண்டர் செகரட்டரி ஒருவர்தான் பாக்கி, அவரும் மார்ச்சில் ரிடையர் ஆகிறார்.

காலுக்கு ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்கிறாள் அம்மா. பசித்தால் சாப்பிடு, கோச் எண்ணினால் எண்ணட்டும். கடைசியாக ஆயிரத்தைந்நூறு மீட்டர் எத்தனை நிமிஷத்தில் ஓடினாய் என்று நான் கேட்கவில்லை. நீ எங்கள் இருவருடைய ஆசீர்வாதத்தோடு திடமாகவும் நிம்மதியாகவும் இருக்க வேண்டும். முப்பதாம் தேதியை மறந்துவிடாதே, அன்றைக்குச் சொல்லப் போவது உன் வாய், என் வாய் இல்லை.

நகல்: யாருக்கும் இல்லை.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டு மூடிவிட்டேன். நான் கையெழுத்துப் போட்ட காகிதம் எதுவும் உனக்கு உத்தரவாகத்தான் வந்திருக்கிறது. எங்கள் ஆபீஸில் கையெழுத்து இல்லாத காகிதத்தை யாரும் படிக்கலாம், அதற்காக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆகவே இதை இப்படியே ஒட்டித் தபாலில் போடுகிறேன்.