நாக்கத் தேடற கண்ணு

ஹாலியா கண்ணுக்கு அப்பா எழுதறது. இங்க நானு, உங்கம்மா, மாடு முப்பத்தொண்ணு, நாயி எல்லாரும் நல்லா இருக்கோம். ஐஸ் ஹாக்கில வலை காக்கப் போன எடத்துல, ஸ்வீடன் குளிரு ஒண்ணும் பண்ணாம நீயும் நல்லா இருக்கணும். இங்க மைனஸ் முப்பத்தஞ்சுக்குக் கீழ போயிருச்சு, காலைல டிராக்டரு எந்திரிக்கவே மாட்டேங்குது, போர்வை போத்தி விட்டாத்தான் முனகுது. டவுன் மைதானத்துல ஐஸ் தேய்க்கற வண்டி ஓட்டறாரே கிளாரன்ஸ், போன வாரம் வண்டிய கதவுல இடிச்சுட்டாரு, கேட்டா கதவுதான் நகந்து வந்துச்சுங்கறாரு.

சரி, விசயத்துக்கு வரேன். ஞாயித்துக்கெழம நீ போன்ல பேசினதுல இருந்து எனக்குச் சாப்பாடு எறங்கல. மூணு ஆட்டத்துல பதினாலு கோல் வுட்டுட்டேன், இன்னும் ரெண்டு ஆட்டம்தான் பாப்பேன்னு கோச்சு சொல்லிட்டாரு, ஒண்ணு அடிக்கறதுக்கு முந்தியே வுழுந்தர்றேன், இல்லாட்டி அந்த ரப்பர் வட்டு, பக்கு, வலைக்குள்ள போனப்பறம் கையத் தூக்கறேன், என் கண்ணு போச்சுப்பா, டிக்கெட்டு போட்டுட்டு வந்தர்றேன்னு சொன்ன. என்னால நம்ப முடியல. ஏழு வயசுல இருந்து, மாட்டுக் குட்டை உறைஞ்சதும் நான் அடிப்பேன் நீ தடுப்ப, பன்னெண்டு வருசம், பத்துக்கு எட்டு புடிச்சிருவ. பக்கு என் மட்டைய வுட்டுக் கெளம்பறதுக்குள்ள உன் கையி அங்க போய் நிக்கும். இவளுக்கு முன்னாடியே தெரியுதுய்யான்னு ஊரே சொல்லுச்சு, நானும் நெஞ்ச நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

அந்தக் கவலைல செவ்வாக்கெழம மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, குட்டைல நின்னு சும்மா வலையப் பாத்து அடிச்சுக்கிட்டிருந்தேன். முட்டை எடுக்க வந்த உங்கம்மா ரப்பர் பூட்சும் வெளக்கமாறுமா வந்து வலைக்கு முன்னாடி நின்னுட்டா. தள்ளுடி, பல்லு போயிரும்னேன். மெதுவா அடி மனுசா, பாதிப் பல்லு ஏற்கனவே இல்லன்னா. அடிச்சேன், தடுத்துட்டா. அஞ்சுக்கு நாலு தடுத்துட்டா. வாழ்நாள்ல கால்ல ஸ்கேட்டு மாட்டாதவ. எப்டிடின்னு கேட்டா, வெளக்கமாத்துல சாஞ்சுக்கிட்டுச் சொல்றா, நீ மேல அடிக்கறப்ப முன்னாடியே நாக்க நீட்டுவ, கீழன்னா வாய இறுக்கிக்குவ, பன்னெண்டு வருசமா சமையக்கட்டு ஜன்னல்ல பாத்திரம் கழுவிக்கிட்டே பாக்கறேன்னு.

அப்பிடியே வைக்கோல் கட்டு மேல உக்காந்துட்டேன். நான் உனக்குப் பக்கு பாக்கப் பழக்கல கண்ணு, என் மூஞ்சியப் பழக்கி வுட்டிருக்கேன். உனக்கே அது தெரிஞ்சிருக்காது. இங்க லீக்குல உன் வேகத்த வச்சுச் சமாளிச்சுட்ட. அங்க அடிக்கறவளுக கெட்டி, மூஞ்சிக்குக் கம்பி வேற போட்டுட்டு வர்றாளுக, நாக்கு எங்க தெரியும். தப்பு என்னுது, மன்னிச்சுரு.

ஆனா முழுசாக் கேளு. மறுநா மூக்கு வரைக்கும் மப்ளர் சுத்திக்கிட்டு அடிச்சேன். பத்தும் உள்ள. உங்கம்மா வெளக்கமாத்த வீசிட்டுப் போய்ட்டா, அன்னிக்கு ராத்திரி சூப்புல உப்பே இல்ல. ரெண்டாம் நாளும் அப்டித்தான். மூணாம் நாளு, இன்னிக்கு, நாலு தடுத்துட்டா. நாக்குப் போனா தோளு இருக்குல்லங்கறா. மேல அடிக்கறப்ப வலது தோளு எறங்குதாம், மட்டையோட முகம் வானத்தப் பாக்குதாம், அது தெரியற வரைக்கும் நான் வுழுக மாட்டேன், நின்னுக்கிட்டேதான் இருப்பேங்கறா. இதெல்லாம் எனக்குச் சொல்லித்தரத் தெரியாது, அவ சொன்னத அப்பிடியே எழுதறேன்.

உன் கண்ணு எங்கயும் போகல. அது அங்கயும் என் நாக்கத்தான் தேடிக்கிட்டிருக்கு. அம்பத்தாறு வயசுல வெளக்கமாத்தோட நின்னவளுக்கு மூணு நா ஆச்சு, உனக்கு இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்கு. அத ஆடிட்டு வரணும்னா வா, கதவு தொறந்தேதான் இருக்கும். கண்ணு போச்சுன்னு நெனச்சுக்கிட்டு மட்டும் வராத.

சனிக்கெழம ஆட்டத்துக்கு முந்தி உனக்குச் சேரணும்னு கிளாரன்ஸ் மக இதப் போட்டோ புடிச்சு அனுப்பறா. கம்பளி சாக்ஸ் ரெண்டு போடு. சாமி உன் கூட நிக்கட்டும், முன்னாடி நின்னா மறைக்கும், வலைக்குப் பின்னாடி நிக்கட்டும்.

இப்படிக்கு,
இத எழுதறப்பவும் நாக்கு வெளியதான் இருக்குன்னு உங்கம்மா சொல்றா,
உன் அப்பா ஒரெஸ்ட்