மேப்பிள் வாளிக்குள் சுண்ணாம்பு

இஞ்சாருங்கோ,

சோறும் மீன் குழம்பும் அடுப்பில இருக்கு.

பின்வளவு மேப்பிள் மரத்தில நீங்கள் பூட்டின ரியூப்பால சாறு நல்லா வடியுது. ஆனால் வாளிக்குள்ள சுண்ணாம்பு பூசியிருக்கிறியள். அது பனையில இறக்கிற கருப்பணிச் சாறு புளிக்காமல் இருக்கப் பூசிறது. இந்தக் குளிரில எது புளிக்கும்? நேற்றுச் சொல்ல வந்தன், "உமக்கு ஒண்டும் தெரியாது" எண்டு என்ர வாயை அடைச்சுப்போட்டியள். அதால விடிய வேற வாளி வைச்சு நானும் கொஞ்சம் பிடிச்சன்.

ரியூப் இரவல் தந்த பக்கத்து வீட்டு வோல்ற்றர் மூண்டு மணிக்கு ருசி பாக்க வருவார். பிடிக்காட்டில் ரியூப்பைக் கழட்டிக்கொண்டு போயிடுவார். பிறிஜ்ஜுக்குள்ள ரெண்டு போத்தில் இருக்கு. ஒண்டு உங்கட சுண்ணாம்புச் சாறு, மற்றது என்ர. எது எதெண்டு எழுதமாட்டன். எல்லாம் தெரிஞ்ச ஆள்தானே.

நேசமலர்

பி.கு: நீல மூடி போட்டது நல்லது. கோபம் இன்னும் போகேல்லை. வோல்ற்றர் பாவம், அதுதான்.