இருபத்துநான்கு பேரின் உயரம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலி மட்டும் வழக்கம்போல.

அங்கே வந்து உங்களோடு இருக்கச் சொல்லி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் தேதிக்குள் நான் பதில் சொல்லாவிட்டால், எனக்கென்று ஒதுக்கிய பின்னறையை மாப்பிள்ளை தன் ஆபீஸ் வேலைக்கு எடுத்துக்கொள்வார் என்றாய். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் காலியாக வைத்திருந்ததே பெரிது. இங்கே தலைக்கு மேல் வேலை கிடக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அது பொய்யில்லை. என்ன வேலை என்று சொல்கிறேன், கேள்.

எதிர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒருத்தி. சின்னப் பெண், தலையைச் சரியாக வாரக்கூட நேரமில்லாமல் ஓடி வருவாள். வருஷக் கடைசியில் பிள்ளைகளுக்கு ஞாபகமாக ஏதாவது கொடுக்க நினைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் சுவரோரம் நிறுத்தி, அந்த உயரத்துக்கு ஒரு சாட்டின் ரிப்பன் வெட்டியிருந்தாள். அதைச் சுருட்டி, பெயர் எழுதிய அட்டையோடு கட்டிக் கொடுப்பது. வளர்ந்தபின் விரித்துப் பார்த்தால் இவ்வளவுதான் இருந்தோமா என்று தெரியும். நல்ல யோசனைதான். ஆனால் நுனியெல்லாம் நூல் பிரிந்து தொங்கியது. "மெழுகுவர்த்தில லேசா காட்டினா போதும், ஆன்ட்டி" என்றாள். கருகின ஓரத்தைக் குழந்தை கையில் கொடுப்பார்களா? நான் தையல் படித்த கான்வென்ட்டில் ஓரம் மடிக்காத கைக்குட்டையை சிஸ்டர் தொடக்கூட மாட்டார்கள். நான் தைத்துத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன்.

இருபத்துநான்கு ரிப்பன், நாற்பத்தெட்டு நுனி. எல்லாம் இரட்டை மடிப்பு, கண்ணுக்குத் தெரியாத தையல். நாலு நாள் சாப்பாட்டு மேஜை முழுக்க ரிப்பன்தான். அடுப்படியில் நின்றே சாப்பிட்டேன். ஒருத்திக்கு மேஜை எதற்கு.

கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள் வகுப்புக்குக் கொண்டு போனேன். 'பென்சில்' என்று கூப்பிடுகிற ஒரு பெண், வகுப்பிலேயே குள்ளம். தன் ரிப்பனின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறு நுனியைத் தலைக்கு இழுத்தாள். உச்சிக்கு எட்டாமல் நெற்றியிலேயே நின்றுவிட்டது. "தையல் மிஸ், நான் இதவிட ஒசரம்" என்றாள். அழவில்லை, சிணுங்கவில்லை. விஷயம் இது என்று தெரிவித்தாள், அவ்வளவுதான்.

மடித்துத் தைத்ததில் ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு விரற்கடை குறைத்திருக்கிறேன். மடிப்புக்கென்று துணி கூட்டி விட வேண்டும் என்பது தையல் வகுப்பின் முதல் பாடம்.

"விடுங்க ஆன்ட்டி, யாரு அளக்கப் போறா" என்றாள் டீச்சர். அதுதான் என்னைச் சுட்டது. அளந்து பார்க்கத்தானே கொடுக்கிறோம். பிள்ளைகள் முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். உன் அப்பாவிடமோ உன்னிடமோ ஒருநாளும் சொல்லாத வார்த்தை. வாயில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. "பரவால்ல மிஸ், எனக்கும் தப்பு வரும்" என்று பென்சில் எனக்கு ஆறுதல் சொன்னாள். சாயந்தரமே அத்தனை தையலையும் பிரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, நாற்பத்தெட்டு நுனியையும் நானே கருக்கினேன். ஊசித் துளைகள் தெரியத்தான் செய்கின்றன.

மறுநாள் ரிப்பன்களைக் கொடுத்து முடித்ததும், மிஸ்ஸையும் அளக்க வேண்டும் என்று என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பென்சில் நாற்காலி மேல் ஏறிப் பிடித்தாள். வரிசையில் எப்போதும் கடைசியில் நின்ற நெட்டச்சி நான். அஞ்சடி ஆறு அங்குலம் என்றுதான் எல்லாப் படிவத்திலும் எழுதி வந்திருக்கிறேன். ரிப்பன் அஞ்சடி மூன்றில் முடிந்துவிட்டது. நம்பாமல் வீட்டில் என் டேப்பை வைத்து இரண்டு தடவை அளந்தேன். இதில் மடிப்பும் இல்லை, தையலும் இல்லை.

வருஷ லீவுக்குப் பள்ளிக்கூடம் மூடி ஆறு நாளாகிறது. மணி அடிக்காததால் எப்போது சாப்பிடுவது என்று பிடிபடவில்லை. நேற்று மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. அந்த டீச்சருக்கும் வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டதாம். சொல்லிக்கொண்டு போக வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

என் ரிப்பனை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பின்னறையில் சன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே பிடித்துப் பார். கட்டில் போட இதைவிட ஒரு சாண் கூடுதலாக வேண்டும். உத்தேசமாக வேண்டாம், அளந்து எழுது. மாப்பிள்ளையின் மேஜையை ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் அதையும் எழுதிவிடு. போனில் மட்டும் வேண்டாம். நீ சொல்லி முடிக்கும் முன் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

பதில் எதுவானாலும் நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். தபால்காரர் இந்தத் தெருவுக்குப் பதினோரு மணிக்கு வருகிறார். நான் பத்தரையிலிருந்தே வாசலில் இருப்பேன்.

உன் அம்மா