மறந்துவைத்த கழுத்து அட்டை

செவ்வாய்க்கிழமை.

ஞாயிறன்று நசரத்பேட்டை மருத்துவர் மாநாட்டில் டாக்டரம்மா தன் பெயர் போட்ட கழுத்து அட்டையைக் காரிலேயே மறந்துவிட்டார். கொடுக்கப் போனேன். “டிரைவருக்கு இன்னா வேலை இங்க?” என்றான் காவலாளி. ரோஷத்தில் அதை நானே மாட்டிக்கொண்டு வேறு வாசலில் நுழைந்தேன். ஒரு மருந்துக் கம்பெனி ஸ்டாலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்தேன்.

இன்று காரில் போகும்போது அந்தக் கம்பெனி ஆள் அவருக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். “ஒரு மணி நேரம் எங்க ஸ்டால்ல இருந்தீங்க, தேங்க்ஸ் மேடம்.”

“நானா? அந்தப் பக்கமே வரலையே!”

“அட்டையில சிப் இருக்கு மேடம், யார் எந்த ஸ்டால்ல எவ்ளோ நேரம் இருந்தாங்கன்னு காட்டிரும். அந்த லிஸ்ட் எல்லாருக்கும் போயிருச்சு.”

கம்பெனிக்காரர்களின் டீயைக்கூடத் தொடாதவர் அவர்.

போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டார், “அண்ணா, அட்டை கார்லயேதான இருந்துச்சு?”

“ஆமா மேடம், இங்கயேதான் கெடந்துச்சு.”

வேவு பார்த்தது அவர்கள் தப்பு. பொய் என்னுடையது. நாளைக் காலையில் கார் சாவி வாங்கும்போதே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அந்தக் காவலாளியிடம் மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.