நாலு விசிலுக்குக் காத்திருந்தேன்

என் புஜ்ஜிம்மா,

நீ கம்பெனி வேலையாய்ச் சிங்கப்பூர் போனபோது வாங்கிவந்த கரண்ட் குக்கரைத் துடைத்து மேலே வைத்துவிட்டேன். இனி தொட மாட்டேன்.

அன்று, "தொண்டை எரியுதும்மா, உருளைக்கிழங்கு மசிச்சுக் குடு, அதுதான் இறங்கும்" என்றாய். எப்போதும் நீதான் அதில் சமைப்பாய். நான் கிழங்கை அதில் வேகவைத்துவிட்டு, பழைய குக்கர் மாதிரி நாலு விசில் வரட்டும் என்று துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மமதா வந்து சிரித்தாள். "அய்யோ ஆன்ட்டி, இது விசிலே அடிக்காது! எப்பவோ வெந்திருக்கும்."

நானும் சிரித்தேன், பாவி. கட்டியில்லாமல் மசித்து, பால் ஊற்றி, ஆற்றிக் கொண்டுவந்தேன். நீ கண்ணைத் திறக்கவில்லை.

புற்றுநோய் வலியிலிருந்து உனக்கு விடுதலை என்கிறார்கள். இந்த விசில் கதையை உன் அப்பாவிடம்கூட நான் சொல்லவில்லை.

பசியோடுதான் போனாயா, கண்ணு?

உன் அம்மா